தொகுதியின் வரலாறு கேட்ட மகனுக்கு

என் மகனே, வீட்டில் கூப்பிடுகிற மாதிரித் தம்பி என்றே இதிலும் எழுதுகிறேன். நீ இப்போது கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எம்.பி.யின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்பதற்காக என் வாய் மாறாது. சங்கத்தின் பொங்கல் மலருக்கு ‘எமது தொகுதியும் அதன் பிரதிநிதிகளும்’ என்று ஒரு கட்டுரை வேண்டும், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, எம்.பி.யைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தாய். கேட்ட கட்டுரை இதுதான். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நல்ல வார்த்தை நாலு தேறுமா என்று நீயே வாசித்துப் பார். உன் எம்.பி.க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு வசதி. நம் சங்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும் என்பது உனக்கு வசதிக்கேடு. மலரில் போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். நீ போடாவிட்டால் நானே பிரதி எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தச் சிட்னியில் துண்டுப்பிரசுரம் போட்டுப் பழகிய கை இது. எப்படிப் பழகியது என்பதும் உன் வரலாற்றில் வரும்.

முதலில் தொகுதி. செத்துப்போன ஏதோ ஒரு கவர்னரின் பெயர் அதற்கு. அந்த மனிதர் இந்தப் பக்கம் ஒருநாளாவது குதிரையில் வந்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. வடக்கே ஆறு, நடுவில் ரயில் பாதை, தெற்கே பரமட்டா வீதியைத் தாண்டியும் கொஞ்சம். பாதைக்கு மேலே மேடு, மேட்டில் மரம் சூழ்ந்த பெரிய வீடுகள், டென்னிஸ் திடல்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள். பாதைக்குக் கீழே செங்கல் சூளை, இறைச்சித் தொழிற்சாலை, நான் வேலை செய்கிற பிஸ்கட் தொழிற்சாலை, அட்டைச் சுவர் வைத்த நம்முடைய வீடு. காற்றுத் திரும்புகிற பக்கத்தைப் பொறுத்து நமக்கு ஒரு நேரம் பிஸ்கட் வாசம், ஒரு நேரம் இரத்த நாற்றம். எழுபதாம் ஆண்டு நாங்கள் வந்து இறங்கியபோது உனக்குப் பதினைந்து வயது. நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்று அயலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் எங்களுக்கு வாக்கு வந்துவிட்டது. இலங்கையில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற கணக்கில் சேர்த்தியாம். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் சூளையில் கல் அறுத்தே முதுகு கூனிப்போனவர். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை என்று அவருக்கு வாக்கு இல்லை. நேற்று வந்த நமக்கு உண்டு. இதை அப்பா பெருமையாகச் சொல்லித் திரிந்தார். எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அந்த நாளில் இந்தத் தொகுதியின் எம்.பி. ஒரு பழைய இராணுவக்காரர். பெரிய யுத்தம் முடிந்த கையோடு வென்றவர், பிறகு வென்றுகொண்டே இருந்தவர். மேட்டில் அவருடைய வீடு இருந்தது. ரயில் பாதைக்குக் கீழே அவர் இறங்கி ஒருவரும் கண்டதில்லை. இறங்கத் தேவையும் இருக்கவில்லை, மேட்டு வாக்கே அவருக்குப் போதும். தொகுதிக்குள் ஒரு அலுவலகம்கூட வைத்திருக்கவில்லை. அவரைப் பார்ப்பதானால் ரயில் ஏறி நகரத்துக்குப் போகவேண்டும். அவரைப் பார்க்கவேண்டிய தேவை நமக்கு வந்தது உன் சின்னம்மாவால். அவளை உனக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் ஒரே தங்கச்சி. கண்டியில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டவில்லை. எங்கள் தாய் தகப்பன் போனபிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவளையும் இங்கே எடுப்பிக்கலாம் என்று விண்ணப்பம் போட்டோம். சகோதரங்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. எம்.பி. ஒரு வார்த்தை சொன்னால் அமைச்சர் மறுபடி பார்ப்பார் என்று ரயில்வேயில் அப்பாவோடு வரைபடம் வரைகிற நண்பர் ஒருவர் சொன்னாராம்.

எம்.பி.யைப் பார்க்கப் போகிறோம் என்றதும் உன் அப்பா என்னைக் குசினிக்குள் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பன் எம்.பி. வீட்டுக்குப் போவதானால் வாழைக்குலை போகும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போகும். அது கைக்கூலி இல்லை, மரியாதை. ஒருவர் வீட்டுப்படி ஏறும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த நாட்டில் இது சரிவராது, சும்மா போய்க் கதையுங்கோ என்று நான் சொல்லிப் பார்த்தேன். “அவர் பெரிய மனுசன். வெறுங்கையோட போய் நிக்கேலுமே?” என்றார். இரண்டு நாள் மா வறுத்துப் பயத்தம் பணியாரம் சுட்டேன். நான் வேலை செய்கிற தொழிற்சாலையின் பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி கட்டிக் கொடுத்தேன்.

அங்கே நடந்ததை அப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். எனக்கே அரைகுறையாகத்தான் சொன்னார், மீதியைக் கூடப்போன அந்த ரயில்வே நண்பர் சொன்னார். வரிசையாகக் கதிரையில் ஆட்கள் காத்திருந்தார்கள். எம்.பி. உள்ளேயிருந்து வெளியே வந்தார், அப்பா எழுந்து நின்று தகரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. இது என்ன என்று கேட்டார். உங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பொருள், ஐயா, என்று அப்பா சொன்னார். “உங்கள் நாட்டில் காரியம் நடப்பது இப்படியாக இருக்கலாம். இங்கே நாங்கள் இதைச் செய்வதில்லை,” என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டு உள்ளே போய்விட்டார். என் தங்கச்சியின் பெயர் அன்றைக்கு அந்த அறையில் ஒருதரம்கூட உச்சரிக்கப்படவில்லை. அப்பா தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பி வந்தார். ஒரு கிழமை நாமே அந்தப் பணியாரத்தைத் தின்றோம், நீயும் தின்றாய். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அப்பாவோ, நேர்மையான மனுசன், கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டார் என்று அவரைப் புகழ்ந்துகொண்டு திரிந்தார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் கூட ஆத்திரம் வந்தது.

அடுத்தவர் எழுபத்திரண்டில் வந்தார். நாடு முழுக்க ஆட்சி மாறிய வருஷம் அது. நம் தொகுதியிலும் கீழ்ப்பக்கத்து ஆட்கள் ஒன்றுசேர்ந்து இராணுவக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது எம்.பி. தொழிற்சங்கத்து ஆள், முன்பு பாடசாலை வாத்தியார். தேர்தலுக்கு முன்னமே நம் வாசலில் வந்து கதவைத் தட்டினார், உள்ளே வரலாமா என்று கேட்டார், குசினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். சோறும் நண்டுக்கறியும் வைத்தேன். கரண்டி கொடுத்தேன், வேண்டாம் என்று கையால் பிசைந்து தின்றார், மூக்கால் ஒழுக ஒழுகத் தின்றார். போன ஆள் கையில் வாங்காத வீட்டில் இந்த மனிதர் இலையே வழித்துத் தின்கிறாரே என்று நான் குளிர்ந்துபோனேன். தங்கச்சியின் கதையை அப்பா சொன்னார். “என்னிடம் விட்டுவிடுங்கள்,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வேலை முடிந்து வந்து, கால் கழுவாமல், தெருத் தெருவாக அவருடைய துண்டுப்பிரசுரம் போட்டேன். நம் மூன்று பேரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்து, புதிய ஆஸ்திரேலியர்கள் நம்மோடு என்று ஒரு பிரசுரத்தில் போட்டார்கள். நீ அதில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். சேலையோடு என்னைத் தெருவில் கண்டால் பாடசாலையில் பகிடி பண்ணுவார்கள் என்று அந்த நாளில் உனக்குப் பயம். பஸ்ஸில் தமிழில் கதைக்காதேங்கோ என்று எனக்குக் கட்டளை போட்டிருந்தாய். போன கிழமை தொலைபேசியில் காஞ்சிபுரம் சேலையே கட்டிக்கொண்டு வாங்கோ, படத்துக்கு நன்றாக இருக்கும் என்றாயே, அப்போது எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வாத்தியார் கெட்ட மனிதர் இல்லை. அதைத்தான் அவர்மேல் நான் வைத்திருக்கிற பெரிய குறையாகச் சொல்வேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருக்கமாட்டேன். சிரித்துக்கொண்டே வருஷம் போக்கினார். தெருவில் கண்டால் என் கையைப் பிடித்து நலம் விசாரிப்பார், நண்டுக்கறியைப் பற்றி நாலு பேருக்குச் சொல்வார், தங்கச்சியை மறந்துவிடுவார். நினைவூட்டுங்கோ என்று அப்பாவை நான் நெருக்கினேன். “ஒருக்காச் சொன்னாக் காணும். திரும்பத் திரும்பச் சொன்னால் நம்பிக்கையில்லை எண்டு நினைப்பார்,” என்றார். ஊரில் பெரியவர்களிடம் ஒருதரம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. எழுபத்தைந்தில் மகாராணியின் கவர்னர் ஜெனரல் ஆட்சியையே கலைத்துவிட்டார். வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா அழுதார். தேர்தல் வந்தது, வாத்தியார் தோற்றார். அவருடைய அலுவலகத்தைக் காலி செய்கிற அன்று நான் தனியாகப் போனேன், அப்பாவுக்குச் சொல்லவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் சொன்னதை உனக்கு அப்படியே சொல்கிறேன். “நீங்கள் மறுபடி கேட்கவே இல்லையே. அவசரமில்லை என்றல்லவா நினைத்தேன். கிரேக்கர்கள் கிழமைக்கு இரண்டுதரம் வந்து மேசையில் தட்டுவார்கள்.” மேசையில் தட்டாத குற்றத்துக்கு என் தங்கச்சி மூன்று வருஷம் இழந்தாள். அவருக்காகத் தெருத் தெருவாக நடந்த என் காலைத்தான் அன்றைக்கு நான் திட்டிக்கொண்டேன்.

இனி உன் ஆள். வீடு வளவு விற்கிற தரகரின் மகன், நல்ல பல்வரிசை, உன்னைவிட ஒரு பத்து வயது மூத்தவராக இருப்பார். எழுபத்தைந்தில் வாத்தியாரைத் தோற்கடித்து வந்தவர். பிறகு தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். மேட்டில் பாதியை வெட்டிப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்தார்கள், கீழே இன்னும் நாலு தெருவைக் கூட்டினார்கள். எழுபத்தேழில் மயிரிழையில் தப்பினார். மேட்டு வாக்கு மட்டும் காணாது என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது. அன்றுமுதல் அவர் ரயில் பாதைக்குக் கீழேதான் குடியிருக்கிறார். கிரேக்கர் விழாவில் கைகோத்து ஆடுவார், லெபனான்காரர் கடையில் கோப்பி குடிப்பார், நம்முடைய பொங்கலுக்கு வந்து வணக்கம் என்பார். முதல் வருஷம் மேடையில் அவருக்கு மாலை போட்டுப் பொன்னாடையும் போர்த்தார்கள் நம் சங்கத்தார். அவர் அதைக் கழற்றாமல் கார்வரைக்கும் போனார். எவ்வளவு அடக்கமான மனுசன் என்று ஆட்கள் உருகினார்கள். நான் பார்த்தது வேறு. மாலையைக் கழற்றுவதற்கு முன்னால் படக்காரன் எங்கே நிற்கிறான் என்று அவர் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தேர்தலுக்கு முன்னமே, எழுபத்தேழு ஆவணியில், ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. உன் சின்னம்மா இருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். பாடசாலை மண்டபம் ஒன்றில் அகதியாகக் கிடந்து, கட்டிய சேலையோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியவரும் வரைக்கும் நான் சோறு தின்னவில்லை, அது உனக்குத் தெரியும், நீ சோற்றுக் கோப்பையோடு என் கட்டில் பக்கத்தில் நின்றாய். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லை. தூரத்து உறவுக்காரர் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள், அவர்கள் முகம் கோணாமல் இருக்கவேண்டுமே என்று அவர்கள் வீட்டுச் சமையலெல்லாம் செய்கிறாள். படித்துப் பட்டம் வாங்கிய பெண். நானும் அப்பாவும் உன் எம்.பி.யிடம் போனோம். இந்தமுறை நான் வாத்தியாரின் பாடத்தை மறக்கவில்லை. மேசையில் தட்டினேன். உண்மையாகவே கையால் தட்டினேன். அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். எம்.பி. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் அங்கே இப்போது அமைதி திரும்பிவிட்டதாகத்தான் எங்களுக்குத் தகவல், எல்லாம் ஒரு வரிசைப்படிதான் நடக்கவேண்டும், ஒருவருக்காக அதைக் குலைத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் தட்டிய தட்டெல்லாம் அவருடைய செயலாளரின் மேசையோடு நின்றுபோனது. இரண்டு வருஷமாய் ஒரே பதில், வரிசைப்படி.

இவ்வளவும் வரலாறு. இனி நீ வருகிறாய். சட்டம் படித்து முடித்து நல்ல வழக்கறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தவன், அதை விட்டுவிட்டு எம்.பி.யின் அலுவலகத்தில் சேர்ந்தாய். போன மாதம் நம் வீட்டைவிட்டு நகரத்தில் பிளாட் எடுத்துப் போனாய். இரண்டுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அரசியலில் நம் பிள்ளைகளும் இருக்கத்தான் வேண்டும். பத்திரிகையில் எம்.பி.க்குப் பின்னால் நீ நிற்கிற படத்தை அப்பா வெட்டி வைத்திருக்கிறார், வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறார். அடுத்த வருஷம் தேர்தல் வருகிறது, அவருக்கு ஒவ்வொரு வாக்கும் வேண்டும், அதற்கு நீ வேண்டும், அதுவும் எனக்கு விளங்கும். ஆனால் போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இருக்கிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்தப் பொங்கலுக்கு மண்டபம் நிறைய ஆட்களைக் கூட்டவேண்டும், பெண்களைக் கொண்டு பெரிய மாலையாகக் கட்டுவிக்கவேண்டும், மேடையில் நானே அதை அவருக்குப் போடவேண்டும் என்றாய். அதற்கும் நான் சம்மதித்திருப்பேன். பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய். “அம்மா, நீங்கள் இதை வடிவாச் செய்து தந்தால் சின்னம்மான்ர அலுவல் ரெண்டு மாசத்தில முடியும். அவர் எனக்குச் சொன்னவர்.”

இரண்டு மாதத்தில் முடிகிற அலுவல் இரண்டு வருஷமாய் ஏன் முடியவில்லை என்று உன்னைக் கேட்டேன். நீ யோசிக்கக்கூட இல்லை. “அப்ப கேட்டது வேற ஆக்கள் அம்மா. இப்ப கேக்கிறது நான்.” வேற ஆக்கள் என்றது என்னையும் உன் அப்பாவையும். அந்த மேசையில் தட்டிய கை வேற ஆளின் கை. நீ அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாய். எனக்குப் பயமாக இருந்தது அதுதான். வரிசையென்று ஒன்று ஒருநாளும் இருக்கவில்லை. அவருடைய கை என் தங்கச்சியின் விண்ணப்பத்தின் மேலேயே இருந்திருக்கிறது, விலைக்காகக் காத்திருந்திருக்கிறது. அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உனக்குக் கோபம் வரவில்லை.

இதை நீ யோசிக்கவேண்டும், தம்பி. உன் அப்பா பணியாரத் தகரத்தோடு போனபோது, இங்கே நாங்கள் இதைச் செய்வதில்லை என்று ஒரு எம்.பி. முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னார். இன்றைக்கு அதே தொகுதியின் எம்.பி. தானே வாய்விட்டுக் கேட்கிறார், தகரம் எங்கே என்று. நாம் மாறவில்லை, அவர்கள்தான் நம் பழக்கத்தைப் படித்துக்கொண்டார்கள், அதிலிருந்த மரியாதையை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு. அப்பா கொண்டுபோனது பணியாரம். பதிலுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கொடுத்துவிட்டு வந்திருப்பார். நீ கொண்டுபோய்க் கொடுக்கிறது எங்களை. மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார வைக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும், என் சேலையையும், உன் சின்னம்மாவின் எரிந்த வீட்டையும் சேர்த்து. அந்த மண்டபத்தில் உட்காரப்போகிறவர்களில் என்னைப்போல ஊரில் சகோதரங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு அலுவலகத்தில் பிள்ளை இல்லை. அவர்களுடைய ஆட்கள் வரிசையில் நிற்கட்டும் என்றா? எனக்காக அதை நீ கேட்டிருக்கக்கூடாது. எல்லோருக்காகவும் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் உன்னை அங்கே வைத்திருக்கமாட்டார்கள் என்றால், அது உட்காரத் தகுந்த கதிரை இல்லை.

நீ வக்கீல், மறுத்துப் பேச உனக்கு நூறு வரும். காரியம் நடந்தால் சரிதானே, அரசியல் எங்கேயும் இப்படித்தானே, ஊரிலும் இப்படித்தானே என்பாய். ஊரில் இப்படி இருந்ததால்தான் வீடு எரிந்தபோது கேட்க ஆளில்லாமல் போனது. இந்த நாட்டில் நான் கண்ட ஒரேயொரு நல்ல விஷயம், சனிக்கிழமை காலையில் பாடசாலை மண்டபத்துக்குப் போய், அட்டைத் தடுப்புக்குள் தனியாக நின்று, பிடித்தவருக்கு ஒன்று, பிடிக்காதவருக்குக் கடைசி என்று ஒவ்வொரு பெயருக்கும் என் இஷ்டப்படி இலக்கம் போடுவது. அங்கே என்னை ஒருவரும் தம் பக்கம் இழுக்க முடியாது, உன் அப்பாவும் எட்டிப் பார்க்க முடியாது. உன் எம்.பி.க்கு அங்கே என்ன கிடைக்கும் என்று உனக்கு ஒளிக்காமலே சொல்கிறேன், கடைசி இலக்கம். நாளைக்கு உன் பெயரே அந்தத் தாளில் வரக்கூடும். நகரசபைக்கு உன்னை நிறுத்துகிற கதை அடிபடுகிறதென்று எனக்கும் காதில் விழுந்தது. பெற்றவள் என்று முதலாம் இலக்கம் போட்டுவிடுவேன் என்று நினைத்து ஏமாந்துபோகாதே.

இனி மாலைக்கு வருவோம். இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவைக் கேட்கவில்லை, அவர் உடனே ஓம் என்றுவிடுவார். என் ரோசத்துக்காக மறுத்தால், அந்தப் பின்னறையில் இன்னும் எத்தனை வருஷம் அவள் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கலவரம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நான் வருவேன். காஞ்சிபுரமே கட்டிக்கொண்டு வருவேன். மாலையை நானே கட்டி நானே போடுவேன், படத்துக்கு நீ சொல்கிற பக்கம் பார்த்துச் சிரிப்பேன். இதை உன் வெற்றியென்று கணக்கில் எழுதிவிடாதே. கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் ஆட்கள் கொடுக்கத்தான் செய்வார்கள், அந்தக் கத்தியைப் பிடித்திருந்தது உன் கை. அவள் வந்து சேர்ந்தபிறகும் நீ அந்த அலுவலகத்தில் இருந்தால், மற்றக் குடும்பங்களுடைய விண்ணப்பங்களோடு நான் அங்கே வருவேன், கிழமைக்கு இரண்டுதரம் வருவேன். அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நீயாக இருந்தாலும் தட்டுவேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். உன் சின்னம்மா வந்து இறங்குகிற அன்று எம்.பி. விமான நிலையத்துக்குப் படக்காரனோடு வருவார். வராமல் இருக்க அவரால் முடியாது, நீ தடுக்கவும் மாட்டாய். அவள் களைத்துப்போய் வருவாள், என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள். அந்த நேரம் பார்த்து அவர் நடுவில் புகுந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்ப்பார். இந்த வெள்ளைக்காரர் ஆர், ஏன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் என்று அவள் கேட்பாள். நான் வாய் திறக்கமாட்டேன், அப்பாவையும் திறக்க விடமாட்டேன். பதில் நீதான் சொல்லவேண்டும். உங்களைக் கூப்பிட்டு எடுத்தவர் இவர் என்று சொல்வாயோ, உங்களை இரண்டு வருஷம் அங்கேயே விட்டுவைத்தவர் இவர் என்று சொல்வாயோ, அது உன் இஷ்டம். நான் பக்கத்தில்தான் நிற்பேன். நீ சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான், எனக்கு ஒரு மகன் இருக்கிறானா, அவருக்கு ஒரு ஆள் இருக்கிறானா என்று முடிவு செய்வேன்.